பாடு தப்பின நாள்

எனக்கு நல்ல கையெழுத்து. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்தால்தான் என் அக்காவுக்கு ஓர் அநியாயம் நடந்தது, அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நான் பூஜ்யம் போட்டால் டப்பா மூடியை வைத்து வரைந்தது போல வட்டமாக இருக்கும். உடல்நலக் கணக்கெடுப்புத் தாளில், அக்காவுக்கு உரிய கட்டத்தில், அப்படி ஒரு வட்டமான பூஜ்யத்தை என் கையால் போட்டேன். வருடங்கள் ஓடிவிட்டன. அந்தப் பூஜ்யத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோட்டைக்குப்பத்தில் அக்கா வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அம்மாவும் நைனாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா தன் மூன்று பிள்ளைகளோடு நாலாவதாக என்னையும் சேர்த்துக்கொண்டாள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஏரியில் வலை வைப்பவர். அக்கா மீன்கூடை சுமப்பவள். காலையில் கரையில் ஏலம் எடுப்பாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கண்டக்டர் ஏற்றிக்கொண்டால் பஸ்ஸில் போவாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விசில் அடித்துவிட்டால் நடந்து போவாள். திருப்பாலைவனம் பக்கத்து நெல் ஊர்களில் தெருத்தெருவாக விற்பாள். மதியம் திரும்பி வந்து சோறாக்கி, துணி துவைத்து, மாமாவின் வலையில் சிக்கிக் கிடக்கும் நண்டுக்காலையும் பாசியையும் பிய்த்துப் போட்ட பிறகுதான் உட்காருவாள். அதுவும் சம்மணம் போட்டு உட்கார மாட்டாள். பலகையின் ஓரத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்காருவாள்.

ஏன் அப்படி உட்காருகிறாள் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் அவள் கூடையைத் தூக்கிவிட்டாள். அதிலிருந்து அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. முதலில் கொஞ்சம், பிறகு நடந்தாலே தெரிகிற அளவுக்கு. பழைய புடவையைக் கிழித்து, மடித்து, இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் காலையில் கிளம்புவாள். அந்தத் துணிகளை நான் துவைத்திருக்கிறேன். வீட்டுக்கு வெளியே காயப்போட முடியாது என்று கூரைக்கு உள்பக்கம் கொடி கட்டியிருந்தோம். தெருவில் ஒதுங்க இடம் கிடைக்காது என்பதால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வருவாள். சிறுநீர் போகும்போது எரிச்சலில் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரிய ஆஸ்பத்திரிதான், எது என்று சொல்ல மாட்டேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"படுக்க வெச்சிட்டு, நாலு பசங்கள கூப்ட்டு காட்டிகினு கீறாரு அந்த டாக்டரு. பசங்க நோட்டுல எழுதிகினு நிக்கிறானுங்க. பொடவைய சுத்திகினு எறங்கி வந்துட்டேன்" என்றாள்.

"அவங்க படிக்கிற பசங்கக்கா."

"படிக்கட்டும். என்ன வெச்சி படிக்கவாணாம். பொம்பள டாக்டரு நம்ம குப்பத்துக்கே வந்தா காட்டறேன். இல்லன்னா செத்தாலும் காட்ட மாட்டேன்."

நம்ம குப்பத்துக்கு எந்தப் பெண் டாக்டர் வரப்போகிறாள் என்று நான் சண்டை போட்டேன். அவள் கூடையைக் கழுவப் போய்விட்டாள்.

பன்னிரண்டாவது முடித்து, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று நான் அலைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்தக் கணக்கெடுப்பு வந்தது. சென்னையிலிருந்து ஒரு சார் வந்து, படித்த பெண்களாகப் பார்த்து நாலைந்து பேரை எடுத்தார். கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். குப்பத்தில் அட்டை மாட்டிய முதல் பெண் நான். மாட்டிக்கொண்டு தேவையில்லாமல் இரண்டு தடவை கடைக்குப் போய் வந்தேன்.

சார் நல்ல மாதிரி. வாங்க போங்க என்றுதான் பேசுவார். முதல் நாளே விஷயத்தை விளக்கமாகச் சொன்னார். நாட்டில் ஆண்களின் உடல்நலத்துக்கும் பெண்களின் உடல்நலத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் யார் நிலைமை மோசம் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி உதவி வரும். "உங்க ஊர்ல பெண்கள் நிலைமைதான் மோசம்னு தெரிஞ்சா, வாரம் ஒரு நாள் லேடி டாக்டரோட ஒரு வண்டி வரும்மா" என்றார்.

நான் அன்றைக்கு வீட்டுக்கு ஓடினேன். அக்கா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் என்னை நம்பாத மாதிரி சிரித்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "எந்த கெழம வருமாம் மே?"

அந்தக் கேள்வி போதும் எனக்கு. அந்த டாக்டரைக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸ் டச்சுக் கல்லறைக்கு எதிர்வரிசையில் வாடகைக்கு எடுத்த ஓர் அறை. சாப்பாட்டுக்குப் பிறகு சார் கல்லறைக்குள் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். பெரிய பெரிய கற்களில் வெட்டியிருக்கும் எழுத்தைத் தடவிப் பார்ப்பார். "ஒல்லாந்துக்காரன் கணக்குல கில்லாடிம்மா. முந்நூறு வருஷம் முன்னாடி செத்தவன் எந்த நாள் செத்தான்னு இன்னைக்கும் படிக்கலாம். டேட்டான்னா இப்படி இருக்கணும்" என்பார். நாங்கள் தலையாட்டுவோம். அதே ஒல்லாந்துக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், எங்கள் கரையிலிருந்து துணி மூட்டைகளை எண்ணி ஏற்றியதைப் போல ஆட்களையும் அடிமைகளாக எண்ணிக் கப்பலில் ஏற்றினார்கள். அந்த ஆட்களுக்குக் கல் கிடையாது. சார் அதைச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

படிவத்தில் நிறையக் கேள்விகள் இருந்தன. ஆனால் சார் உயிராக நினைத்தது ஒன்றைத்தான். கடந்த முப்பது நாட்களில் உடல்நலக் குறைவால் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போன நாட்கள் எத்தனை? பக்கத்தில் இரண்டு கட்டம். அந்த எண்ணைக் கூட்டித்தான் ஆணா பெண்ணா, யாருக்கு நோய் அதிகம் என்று முடிவு செய்வார்கள்.

முதல் இரண்டு நாள் அந்தக் கேள்வி எங்களைப் பேஜார் பண்ணியது. ஆண்கள் "அப்பப்போ" என்றார்கள், "நாலு நாளோ, பத்து நாளோ" என்றார்கள். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் கையைத் தூக்கினேன்.

"சார், எங்க ஊர்ல 'பாடு தப்பின நாள் எத்தனை'ன்னு கேட்டா டக்குன்னு சொல்லிடுவாங்க சார்."

எங்கள் ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் வலை வைத்துவிட முடியாது. இறாலும் மடவையும் ஓடுகிற நல்ல இடங்களை ஊர் முறை போட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பேர். கல்யாணமான ஆண் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. தன் முறை வருகிற நாளை ஓர் ஆண் தன் பிள்ளையின் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பான். அன்று போகாமல் பாடு தப்பிவிட்டால் சும்மா இருந்துவிட முடியாது. கரையில் நின்று, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, காய்ச்சல் என்றோ முதுகு பிடித்துக்கொண்டது என்றோ காரணம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவன் பங்கு அவனுக்கு நிற்கும். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. உடம்பு முடியாதவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று யாரோ யோசித்து வைத்த வழக்கம். அப்படி யோசித்தவர்களுக்குக் கூடை சுமக்கிறவள் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சாருக்கு என் யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "லோக்கல் நாலெட்ஜ்!" என்று எல்லோர் முன்னாலும் கை தட்டினார். மற்ற குப்பங்களுக்குப் போகிற பெண்களும் இனி அப்படியே கேட்க வேண்டும் என்றார். பெண்களிடம் எப்படிக் கேட்பது என்று ஒருத்தி கேட்டாள். "அவங்ககிட்ட எத்தனை நாள் முடியாம படுத்தீங்கன்னு கேளுங்க, போதும்" என்றார். இன்னொன்றையும் சொன்னார். பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவர்கள் வாயிலிருந்து வருவதை மட்டும் எழுத வேண்டும். சரி சார் என்றோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

என் கேள்வி ஆண்களிடம் மந்திரம் மாதிரி வேலை செய்தது. "பௌர்ணமிக்கு மறாநாளு ஒண்ணு, அதுக்கப்புறம் முகத்துவாரத்துப் பக்கம் நம்ம மொற வந்திச்சே, அப்போ ரெண்டு" என்று விரல் விட்டு எண்ணினார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் திருத்தினான். குடித்துவிட்டுக் கிடந்த நாளையும் உடம்பு சரியில்லாத நாளாகச் சொன்னார்கள். கரையில் அப்படித்தானே சொல்லியிருந்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

பெண்களிடம் கேட்டபோது சிரித்தார்கள். "படுக்கறதா? எங்க மே படுக்கறது, ஒலையில அரிசி கீது" என்றாள் ஒருத்தி. வீங்கிய முழங்காலோடு தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து வந்து கதவைத் திறந்தவள் அவள். நான் பூஜ்யம் போட்டேன். ஐஸ் பெட்டியில் கைவிட்டு விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிப் போனவள் "ஒரு நாளும் இல்ல" என்றாள். பூஜ்யம். இருமி இருமிப் பேச்சு வராதவள் கையால் இல்லை என்று காட்டினாள். பூஜ்யம். எழுத எழுத என் பூஜ்யம் இன்னும் அழகாகிக்கொண்டு போனது.

கடைசியில் எங்கள் வீடு. மாமாவுக்கு ஏழு நாள். முதுகு. அது உண்மையான வலிதான், மறுக்கவில்லை. அக்கா வலையை மடியில் போட்டு நண்டுக்காலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், அதே பலகை ஓரத்தில், அதே சாய்வில். நான் அட்டையைச் சரி செய்துகொண்டு, அதிகாரி மாதிரி, பயிற்சியில் சொன்னபடியே கேட்டேன்.

"கடந்த முப்பது நாள்ல எத்தன நாள் முடியாம படுத்தீங்க?"

"இன்னாமே, வாங்க போங்கன்ற?"

"கேள்விக்கு பதில் சொல்லுக்கா."

"படுத்த நாளா? நான் எங்கமே படுத்தேன்? நீதான் பாக்கறியே."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று காலையில்கூட அந்தத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஆனால் சார் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் நேர்மையானவள். நான் அட்டை மாட்டியவள். பூஜ்யத்தைப் போட்டு, ஊதி, மை காய்ந்ததும் தாளைத் திருப்பினேன். அடுத்த கேள்வி குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பது.

சில மாதம் கழித்து முடிவைச் சொல்ல சார் வந்தார். வலைக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அக்கா அன்றைக்குப் பாதி மீனை விற்காமலே பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டாள். விற்காத மீனோடு கூடையை ஓரமாக வைத்துவிட்டுப் பெண்களோடு பின்னால் நின்றாள். சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டினார்கள். அதில் நீல நிறத்தில் ஓர் உயரமான தூண். பக்கத்தில் ரோஸ் நிறத்தில், அதன் கணுக்கால் உயரத்துக்கு, ஒரு குட்டித் தூண்.

"இந்தப் பகுதியில் ஆண்களோட உடல்நலம்தான் ரொம்பப் பாதிக்கப்பட்டிருக்கு. பெண்கள் ஒப்பீட்டளவில் ஆரோக்கியமா இருக்காங்க. பாராட்டணும்" என்றார் சார்.

ஆண்கள் கை தட்டினார்கள். ஒருவன் விசில் அடித்தான். மாமா திரும்பி அக்காவைப் பார்த்து, "பாத்தியா, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. நீங்கள்லாம் சோக்கா கீறீங்களாம்" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். கூடமே சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா மட்டும் கை தூக்கினாள். வாழ்க்கையில் அவள் ஒரு கூட்டத்தில் கை தூக்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். "வண்டி எந்த கெழம வரும்?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை காலைல, படகுத்துறைக்கு வரும்மா. முதுகுவலி, மூட்டுவலி, குடிப்பழக்கம், எல்லாத்துக்கும் பார்ப்பாங்க."

"பொம்பள டாக்டரா?"

சார் கொஞ்சம் சங்கடப்பட்டார். "முடிவு இப்படி வந்ததால ஆண் மருத்துவர்தான்மா போட்டிருக்காங்க. நீங்களும் வந்து காட்டலாம், யாரும் தடுக்க மாட்டாங்க."

செவ்வாய் காலையில் அக்கா எங்கே இருப்பாள் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. எல்லாக் காலையும் எங்கே இருப்பாளோ அங்கேதான் இருப்பாள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெயிலில் அந்த மீன் வீணாகிக்கொண்டிருந்தது.

வீட்டில் அக்காவிடம்தான் முதலில் பாய்ந்தேன். "ஏன்க்கா சொல்லல? உனக்கு இருக்கறத ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே. படுத்தியான்னு கேட்ட, இல்லன்னேன். வலிக்குதான்னு கேட்டியா?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டே சொன்னாள். என்னை அறைந்திருந்தால் தேவலை.

அடுத்த வாரம் முழுக்க ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு, ஏலம் நடக்கிற இடத்தில் உட்கார்ந்து, எல்லாப் பெண்களிடமும் புதிதாகக் கேட்டேன். வலியோட வேல செஞ்ச நாள் எத்தன? கேள்வியை மாற்றியதும் வாய் திறந்தார்கள். எல்லா நாளும் என்றார்கள். மூத்தவன் பிறந்ததிலிருந்து என்றார்கள். ஒருத்தி என் நோட்டை மூடச் சொல்லிவிட்டுக் காதில் சொன்னாள். அக்காவுக்கு இருப்பதுதான் அவளுக்கும் இருந்தது. கூடை சுமக்கிற இன்னும் எத்தனை பேருக்கோ அது இருந்தது. அத்தனை பேரும் தன் ஒருத்திக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு புடவையைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கட்டத்திலும் என் பூஜ்யம்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். சார் கல்லறையில் ஒரு சுற்று முடித்துவிட்டு வாசலில் நின்றிருந்தார்.

"சார், அந்த முடிவு தப்பு சார்."

அவர் உள்ளே வரச் சொல்லி, நோட்டை வாங்கி, பொறுமையாகப் படித்தார். "இந்தக் கேள்வி நம்ம படிவத்துல இல்லையேம்மா" என்றார்.

"அதான் சார் தப்பு. எங்க பொம்பளைங்க படுக்க மாட்டாங்க. படுத்தா அவங்க வேலைய யாரு செய்வாங்க? படுக்காததுனால நோவு இல்லன்னு ஆயிடுமா?"

"நாடு முழுக்க ஒரே கேள்வியக் கேட்டாத்தான் ஒப்பிட முடியும். உங்க ஊருக்குன்னு தனியா மாத்த முடியாது."

"ஆம்பளைங்களுக்கு மாத்துனீங்களே சார்! பாடு தப்பின நாள்னு கேட்டீங்களே! அவங்களுக்கு எண்ண ஒரு வழி கொடுத்தீங்க, எங்களுக்கு இன்னா கொடுத்தீங்க?"

நான் கத்தியது தெருவில் கேட்டிருக்கும். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "அது நீங்க சொன்ன யோசனைதானேம்மா" என்றார். பிறகு கட்டுகளைப் புரட்டி ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். அக்காவின் தாள். "இது உங்க அக்காதானே? ஒரே வீட்டுல இருக்கீங்க. இந்தப் பூஜ்யம் யார் கையெழுத்து?"

அட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கல்லறையின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அதில் எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆணும் பெண்ணும் சமமாக இருப்பது எங்கள் ஊரில் அந்த இடத்தில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். சார் மேல் கோபம், மாமா மேல் கோபம், விசில் அடித்தவன் மேல் கோபம். இதையெல்லாம்விட கையைத் தூக்கி யோசனை சொன்ன அந்தப் பெண்ணின் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

செவ்வாய்க்கிழமை வண்டி தவறாமல் வந்தது. மாமாவுக்கு முதுகுக்குத் தைலம் கிடைத்தது. கடற்கரைக் காற்றில் தைல வாசனை அடித்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் என் போனுக்கு அழைப்பு வந்தது. திருப்பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் அக்கா வழக்கமாக மீன் போடுகிற வீட்டுக்கார அம்மா. "உங்க அக்கா கூடையத் தூக்கினவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. எழுந்திரிக்க முடியல. சீக்கிரம் வா" என்றார். நான் ஆட்டோ பிடித்துப் போனபோது, அந்தத் தெருப் பெண்கள் நாலு பேர் புடவையை விரித்து மறைப்புக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். உள்ளே அக்கா சுவரில் சாய்ந்து கிடந்தாள். கர்ப்பப்பை முழுதுமாக வெளியே வந்துவிட்டது. ரத்தம் மண்ணில் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மீனு வெயில்ல கீது. ஈரத் துணி போட்டு மூடு."

இந்தத் தடவை அவளை யாரும் கேட்கவில்லை. தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே அன்றைக்குப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். வயதானவர். பையன்கள் யாரையும் கூப்பிடவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு கேட்டார்.

"எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு?"

"சின்னவன் பொறந்ததுலேந்து" என்றாள் அக்கா. "பதினோரு வருஷம்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ யாரு?"

"தங்கச்சி."

"படிச்சிருக்கியா?"

ஆமாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆபரேஷன் ஆயிற்று. மாமாவைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அத்தனை நாளும் அந்த மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துக் கிடந்தார். அவர் முறை வந்த நாட்களில் கரைக்குப் போகவில்லை. "வூட்ல ஒடம்பு சரியில்ல" என்று சொல்லியனுப்பினார், ஊரும் அவர் பங்கை நிறுத்தவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பகலில் பாய் விரித்துப் படுத்தாள். படுத்தபடியே கூரையில் காலியாகக் கிடந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த மாதத்தில்தான் கணக்கெடுப்பு மறுபடியும் வந்தது. புதுப் பெண் ஒருத்தி, காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவள், அதே மாதிரி அட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மாமா நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உள்ளே அக்காவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஒன்றைக் கேட்டபோது என் கை நின்றுவிட்டது. அவள் படிவத்தைப் பார்த்துப் படித்தாள். என் வார்த்தை. எங்கள் பகுதிப் படிவத்தில் அதை அச்சடித்துவிட்டிருந்தார்கள்.

"கடந்த முப்பது நாள்ல பாடு தப்பின நாள் எத்தனைங்க?"

மாமா விரல் விட்டு எண்ணினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த நாட்களைத்தான் எண்ணினார். "ஒம்போது" என்றார். அந்தப் பெண் ஆணுக்கான கட்டத்தில் ஒன்பது என்று எழுதினாள்.

"உங்க வீட்டம்மா?"

"அவளா? அவளுக்கு ஏது பாடு? வூட்லதான் கீறா" என்றார் மாமா. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அந்தப் பெண் பூஜ்யம் போடப் பேனாவைக் கொண்டுபோனாள்.

கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. வெளியே போய் அவள் கையைப் பிடித்துவிட்டேன். "எழுதாத" என்றேன். "அந்த ஒம்போது நாளும் அவரு நோவு இல்ல. என் அக்கா வயித்த அறுத்துப் போட்டுகினு கெடந்த நாளு. அத ஆம்பள கணக்குல எழுதிட்டு, அவளுக்கு முட்டை போடறியா? உள்ள வா. வந்து அவ மூஞ்சியப் பாத்து கேளு."

அந்தப் பெண் பயந்துபோய்விட்டாள். பாவம், அவளும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பயிற்சி எடுத்தவள். "அக்கா, படிவத்துல இருக்கறதத்தான்..." என்று இழுத்தாள். நான் விடவில்லை. மாமா எழுந்து நின்று, "இன்னா பாப்பா, எதுக்கு கத்தற" என்றார். அவரையும் சேர்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அந்தப் பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பாயின் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"எப்டி கேக்கணும்னு நான் சொல்றேன், கேளு" என்றேன். "வலியோட இருந்த நாள் எத்தனன்னு கேளு."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தாள். வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கையை ஊன்றி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

"பதினோரு வருஷம். எழுது" என்றாள்.

"இல்லக்கா, முப்பது நாளுக்குத்தான் கேக்கணும். கட்டத்துல ரெண்டு நம்பருதான் எழுத முடியும்."

"அப்போ முப்பதுன்னு எழுது. மீதி நாளெல்லாம் உங்க கட்டத்துல புடிக்கலன்னா நான் இன்னா பண்ணட்டும்?"

அந்தப் பெண் முதலில் ஒரு மூன்று போட்டாள். பக்கத்தில் பூஜ்யம் போட்டாள். அவள் கையெழுத்து அழகாக இல்லை. அவள் பேனாவை மூடும்வரை நான் நகராமல் நின்றேன்.